விசாரிக்க ஓர் ஆள்

"வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு தனி உத்தியோகமா? பெற்ற பிள்ளைகள் எதற்கு இருக்கிறார்கள்?" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே அநேகர். கேட்கும்போதே அவர்கள் குரலில் ஒரு பெருமிதம் தொனிக்கும். மேல்நாட்டான் கிழவர்களை விடுதியில் தள்ளிவிடுகிறவன். நாமோ மாதா பிதாவைத் தெய்வமாகக் கொண்டாடுகிறவர்கள். நமக்கு எதற்கு இந்த இரவல் ஏற்பாடு என்பது அந்தப் பெருமிதத்தின் பொருள்.

அந்தப் பெருமிதத்தை நான் நம்பவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த உத்தியோகம் இன்னதென்று பார்த்துவிடலாம். வெளிநாடுகளில் அதற்குக் 'கேஸ் மானேஜர்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு இது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. நமக்குக் கேஸ் என்றால் கோர்ட்டில் நடப்பது, போலீஸ்காரர் போடுவது, ஆஸ்பத்திரியில் 'தேறாது' என்று கைவிரிக்கப்படுவது. பெயர் கிடக்கட்டும், வேலை நமக்குத் தெரிந்த வேலைதான். ஒரு முதியவரின் வீடு தேடிப் போய், அவர் என்ன சாப்பிடுகிறார், எந்த மருந்தை விழுங்குகிறார், எந்தப் பணம் வரவேண்டியது வரவில்லை, அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் கேட்டறிய வேண்டும். டாக்டர், தாலுகா ஆபீஸ், வங்கி, ரேஷன் கடை, பிள்ளைகள் என்று மூலைக்கொன்றாகக் கிடக்கிற உதவிகளை ஒன்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்ததோடு நில்லாமல் மறுமாதமும் போய்ப் பார்க்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால், விசாரிக்க வேண்டும். "என்னை விசாரிக்க ஒரு நாதியில்லையே" என்று புலம்புகிற கிழவி கேட்பது இந்த ஆளைத்தான்.

கும்பகோணத்தில் ஒரு சந்து வீட்டில் எழுபத்தாறு வயது அம்மாள் ஒருத்தி தனியே இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் வாத்தியாராக இருந்து காலமானவர். மூத்த மகன் சென்னையில், இளையவன் அமெரிக்காவில். இருதய டாக்டரும் சர்க்கரை டாக்டரும் ரத்த அழுத்தத்துக்கு ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் இரண்டையும் விழுங்குகிறாள். தலை சுற்றுகிறது. சுற்றுகிற தலைக்கு மூன்றாவது டாக்டர் ஒரு மாத்திரை கொடுக்கிறார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த விரலை ரேஷன் கடை இயந்திரம் அடையாளம் காண மறுக்கிறது. உயிரோடுதான் இருக்கிறாள் என்பதற்கு ஆண்டுதோறும் அவளே அத்தாட்சி கொடுத்தாக வேண்டும். குளியலறை வாசற்படி அரையடி உயரம். என்றைக்காவது ஒருநாள் தலை சுற்றலும் அந்தப் படியும் சந்தித்துக்கொள்ளும். இடுப்பெலும்பு முறிந்த பிறகு இரண்டு பிள்ளைகளும் விமானத்தில் வந்து இறங்குவார்கள். செலவைப் பற்றிக் கவலைப்படவும் மாட்டார்கள்.

அந்தச் செலவில் நூற்றில் ஒரு பங்கு போதும், முன்கூட்டியே ஒருவர் வந்து மருந்துப் பையைத் தரையில் கொட்டிப் பிரித்துப் பார்ப்பதற்கு. அந்த ஒருவர்தான் இல்லை.

"கூட்டுக் குடும்பம் இருந்தவரையில் இதெல்லாம் தானாக நடந்தது" என்பார்கள். தானாக நடந்ததா? வீட்டுக்குள்ளே ஒரு பெண் நடத்தினாள் ஐயா! இளமையில் தாலியறுத்த அத்தை, கல்யாணமாகாமல் நின்றுபோன பெண், வாய் திறக்க உரிமையில்லாத நாட்டுப்பெண், இவர்களில் ஒருத்தியின் ஆயுளைக் கொடுத்துத்தான் கிழவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். அவளுக்குச் சம்பளமில்லை, லீவில்லை, நன்றி சொல்வாருமில்லை. அவள் இன்று படித்து வேலைக்குப் போய்விட்டாள், போகட்டும், நல்லது. அவள் செய்த வேலையைப் பண்பாடு என்று நாம் பெயரிட்டு வைத்திருந்தோம். அவள் போனதும் பண்பாடு போய்விட்டதென்று அழுகிறோம்.

பழைய குடும்பம் எல்லாரையும் தாங்கியதென்பதும் கதைதான். தாங்கியிருந்தால், 1962-இலேயே சென்னை ராஜ்ய சர்க்கார் ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதம் 20 ரூபாய் பென்ஷன் கொடுக்கும் திட்டத்தை ஏன் தொடங்க வேண்டும்?

"இப்போதுதான் சட்டமும் திட்டமும் ஏராளமாக இருக்கின்றனவே" என்பது அடுத்த வாதம். இருக்கின்றன, மறுக்கவில்லை. அந்த 20 ரூபாயை 2023-இல் 1,200 ரூபாயாக்கினார்கள். பிள்ளைகள் கைவிட்டால் கோட்டாட்சியரிடம் முறையிட்டு ஜீவனாம்சம் பெற 2007-இல் சட்டம் வந்தது. பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கைகழுவினால் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க அதில் இடமுண்டு. ஆனால், பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனையை எழுதி வைக்க வேண்டுமென்று அந்த அம்மாளிடம் கையெழுத்துக்கு முன்னால் யார் சொல்வது? 2021-இல் முதியோருக்கென்று 14567 என்ற தொலைபேசி எண் வந்தது. அதே ஆண்டில் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கும் திட்டமும் தமிழ்நாட்டில் வந்தது. இவற்றுள் உருப்படியானது இந்தக் கடைசி ஏற்பாடுதான் என்பேன். ஏனென்றால் அதில் ஒரு பெண் படியேறி உள்ளே வருகிறாள். ஆனால் அவள் கையிலிருப்பது இரண்டு வியாதிகளின் கணக்கு. அவளுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. அவள் பெயர் ஊழியர் அல்ல, தன்னார்வலர். ரேஷன் கடையும் பத்திரமும் வாசற்படியும் அவள் பொறுப்பில் இல்லை. அத்தனையையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டு, 'சேவை' என்று மாலை போடுவோமானால், பழைய அத்தையைத் தெருவுக்குக் கொண்டுவந்ததாகத்தான் ஆகும்.

வசதியுள்ளவர்களுக்குப் பட்டணங்களில் தனியார் கம்பெனிகள் வந்துவிட்டன. பிள்ளை வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் கட்டுகிறார்; கம்பெனியின் ஆள் வீட்டுக்கு வந்து, ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, படமெடுத்து அனுப்புகிறார். இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான்: அந்த ஆள் யாருடைய ஆள்?

கும்பகோணத்து அம்மாள் அந்த வீட்டிலேயே கண்ணை மூட விரும்புகிறாள். மூத்த மகன் வீட்டை விற்றுவிட்டு அவளைச் சென்னைக்கு அழைத்துப் போக எண்ணுகிறான். அவன் கெட்டவனல்ல, அவனுக்குப் பயம். இப்போது, பணம் வாங்குகிற ஆள் யார் சொல்லை யாரிடம் எடுத்துச் சொல்வார்? "அம்மா சௌக்கியம், சர்க்கரை இவ்வளவு" என்று மகனுக்குத் தகவல் போகும். அம்மா என்ன சொன்னாள் என்பது போகுமா? காசு கொடுப்பவன் எஜமானன் என்ற நியாயம் கடைத்தெருவுக்குச் சரி. ஒரு மனுஷியின் கடைசிப் பத்து வருஷங்களை அந்த நியாயத்துக்கு ஒப்படைக்கலாமா?

வெளிநாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறதென்றும் நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் கெண்ட் வட்டாரத்தில் 1970-களில் ஒரு சோதனை நடத்தினார்கள். சமூக ஊழியர் ஒவ்வொருவரிடமும் சொற்ப எண்ணிக்கையில் முதியவர்களை ஒப்படைத்து, அவர்களுக்காகச் செலவழிக்கக் கையில் பணமும் கொடுத்தார்கள். விடுதிக்குப் போயிருக்கக்கூடிய பலர் தங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். 1990-இல் சட்டம் போட்டு, 1993-இல் இந்த முறையை நாடெங்கும் பரப்பினார்கள். அப்போது ஊழியரின் தலையில் ஆட்கள் பெருகினார்கள். பணத்துக்குக் கடிவாளம் விழுந்தது. வீட்டுக்கு வந்து விசாரித்தவர், 'இவருக்குத் தகுதி உண்டா' என்று படிவம் நிரப்பும் வாயில்காப்போனாகிவிட்டார் என்ற முறையீடு அங்கே எழுந்தது. சர்க்காரின் ஆளும் முதியவரின் ஆளாகிவிட மாட்டார் என்பதற்கு இது சாட்சி.

ஜப்பான் இன்னும் யோசித்துச் செய்தது. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில், நாற்பது வயது முதல் எல்லாரும் சந்தா கட்டும் பராமரிப்பு இன்ஷூரன்ஸைக் கொண்டுவந்து, அதன் நடுவில் இந்த ஊழியரை நிறுத்தியது. மருத்துவம் அல்லது சமூகநலத் துறையில் ஐந்தாண்டு அனுபவம் பெற்றுப் பரீட்சையில் தேறியவர்களே இந்த வேலைக்கு வரலாம். பொதுவாக மாதம் ஒருமுறையாவது வீட்டுக்குப் போக வேண்டும். ஒருவருக்கு ஏறக்குறைய 35 முதியவர் என்று அளவு வைத்தார்கள். 2024-இல் அந்த அளவைச் சற்று உயர்த்தினார்கள், ஆள் கிடைக்கவில்லை என்பதால். அங்கும் இந்த ஊழியர்களில் பலர் சேவையை விற்கும் ஸ்தாபனங்களைச் சேர்ந்தவர்களே. ஆகவே 'யாருடைய ஆள்' என்ற சந்தேகம் அங்கும் தீரவில்லை.

தீராத சந்தேகம் என்பதற்காக நாம் தொடங்காமலே இருக்கலாமா? 2011 ஜனத்தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். ஒரே ஒரு நகராட்சியில் தொடங்கட்டும். படித்த, பயிற்சி பெற்ற ஊழியர். தன்னார்வலர் என்ற பட்டமல்ல, முழுச் சம்பளம். ஆளுக்கு முப்பத்தைந்து வீட்டுக்கு மேல் கிடையாது. சம்பளத்தைப் பிள்ளைகளும் கொடுக்க வேண்டாம், மருந்துக் கடையும் கொடுக்க வேண்டாம். பொதுப் பணத்திலிருந்து கொடுக்கட்டும். அந்த ஊழியர் வைக்கிற நோட்டுப் புத்தகம் ஆபீஸில் அல்ல, அந்த அம்மாள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். அதன் முதல் பக்கத்தில் சர்க்கரை அளவுக்கு முன்னால், அவள் சொன்ன வார்த்தையிலேயே, அவளுக்கு என்ன வேண்டும் என்பதை எழுதட்டும். அதற்கு விரோதமாக மகன் சொன்னாலும் டாக்டர் சொன்னாலும், "அம்மாள் இப்படிச் சொல்லுகிறாள்" என்று எடுத்துச் சொல்வது அவருடைய கடமை என்று சட்டத்தில் இருக்கட்டும்.

மாதா பிதாவைத் தெய்வமென்று சொல்லிக்கொள்கிற நாம், அந்தத் தெய்வத்திடம் "உனக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு தடவை கேட்பதற்கு ஏற்பாடு செய்யலாம். வீட்டை விற்பதற்கு முன்னால் கேட்டால் இன்னும் விசேஷம்.