விவாகம் மருந்தன்று



ஒரே பாலினத்தார் இருவர் செய்துகொள்ளும் திருமணத்தைக் குறித்து நான் ஏன் ஒன்றும் எழுதுவதில்லை என்று சபையாரில் சிலர் கேட்டீர்கள். கேட்டவர்கள் இரு வகையினர். நாட்டின் நீதிமன்றங்கள் வேதத்துக்கு விரோதமாய்ப் போகின்றன, நாளை நம்முடைய ஆலயத்திலேயே இத்தகைய திருமணத்தை நடத்தும்படி கட்டாயப்படுத்துவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் ஒரு வகை. ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்துபோன பின்பு, தாழ்ந்த குரலில், தங்கள் வீட்டுப் பிள்ளையைக் குறித்துக் கேட்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சமே. மற்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வோம். கைப்பேசியில் வரும் செய்திகளை நம்பி ஜெபக் குறிப்பு எழுதுகிறவர்கள் நம்மில் அநேகர். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவை இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி குற்றமாகக் கருத முடியாது என்று தீர்ப்பளித்தது. அது திருமணத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று; சிறையைப் பற்றிய தீர்ப்பு. திருமணத்தைப் பற்றிய வழக்கு 2023இல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்த அரசியல் சாசன அமர்வின் முன் வந்தது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஒரே பாலினத்தாருக்கும் இடம் தர வேண்டும் என்பதே மனுதாரர்களின் முதன்மையான வேண்டுகோள். விசாரணையின் தொடக்கத்திலேயே, மதங்களின் தனிநபர் சட்டங்களுக்குள் போக மாட்டோம் என்று நீதிமன்றம் எல்லை வகுத்துக்கொண்டது. ஆகவே 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் அங்கே தொடப்படவே இல்லை.

2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அன்று என்பதில் ஐவரும் ஒருமித்தனர். திருமணம் என்ற பெயரில்லாத ஒரு கூட்டுறவையாவது அரசு அங்கீகரிக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் கருதினர். நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா ஆகிய மூவரும் அது சட்டமன்றங்களின் வேலை என்றனர். மூவர் கூறியதே தீர்ப்பாயிற்று. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. திருநங்கை ஒருவர் ஆணையோ, திருநம்பி ஒருவர் பெண்ணையோ இப்போதுள்ள சட்டங்களின்படியே மணக்கலாம் என்பதிலும் ஐவருக்கும் ஒரே கருத்து. தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு தம்பதியர் வழக்கில் நமது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இலேயே அப்படிக் கூறியிருந்தது. இது நம்முடைய திருச்சபைகளின் வாசலுக்கும் ஒருநாள் வரப்போகும் கேள்வி. மாமன்றங்கள் ஆயத்தமாயிருப்பது நல்லது.

அப்படியானால், பாராளுமன்றம் நாளை ஒரு சட்டம் இயற்றினால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் 2013இல் அத்தகைய சட்டம் வந்தபோது, எந்த மத அமைப்பையும் எந்தக் குருவையும் கட்டாயப்படுத்த முடியாதபடி அந்தச் சட்டத்துக்குள்ளேயே காவல்கள் வைக்கப்பட்டன. அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய நாட்டிலேயே சட்டமும் பலிபீடமும் வெவ்வேறு வழியில் நடந்து நெடுங்காலம் ஆயிற்று. கிறிஸ்தவர் ஒருவர் விசுவாசியல்லாத ஒருவரைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு அலுவலகத்தில் மணக்கலாம். அதை ஆலயத்தில் நடத்தித் தரும்படி எந்த அதிகாரியும் என்னிடம் உத்தரவு கொண்டு வந்ததில்லை. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தின்படி, கிறிஸ்தவ மனைவி விடுதலை பெற வேண்டுமானால் கணவனுடைய விபசாரத்தோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. கணவனுக்கோ விபசாரம் ஒன்றே போதும். 2001இல் அந்த அநீதி நீக்கப்பட்டது. இருவரும் மனமொத்துப் பிரியவும் வழி வந்தது. கத்தோலிக்கத் திருச்சபை இன்றுவரை விவாகரத்தை ஏற்கவில்லை. அதனால் சட்டம் நின்றுபோகவும் இல்லை, திருச்சபை இடிந்துபோகவும் இல்லை.

இனி வேதத்துக்கு வருவோம். பரிசுத்த விவாகம் ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் உரியது என்பதே நான் பெற்றுக்கொண்ட போதனை. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தையும், அதை நம்முடைய ஆண்டவர் எடுத்துச் சொல்லும் மத்தேயு பத்தொன்பதாம் அதிகாரத்தையும் வாசித்து அதையே கற்பிக்கிறேன். உலகத் திருச்சபைகள் இதில் ஒருமனப்படவில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் எப்பிஸ்கோப்பல் திருச்சபை 2015இல் இத்தகைய திருமணங்களை நடத்த அனுமதித்தது. ரோமாபுரி 2023 டிசம்பரில், திருமணச் சடங்கைப்போல் தோன்றாத எளிய ஆசீர்வாதத்தை மட்டும் அனுமதித்து, விவாகத்தைக் குறித்த தன் போதனையில் மாற்றமில்லை என்றது. ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் பேராயர்கள் 1998இல் லாம்பெத் மாநாட்டில், 526 பேர் ஆதரிக்க 70 பேர் எதிர்க்க ஒரு தீர்மானம் செய்தனர். அதன் முதல் பாதி நமக்கு நன்றாக நினைவிருக்கிறது: விவாகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது, தன்பால் உறவு வேதத்துக்கு ஒவ்வாதது. அதே தீர்மானத்தின் மறுபாதியை மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தன்பால் ஈர்ப்புடையோரின் அனுபவத்தைச் செவிகொடுத்துக் கேட்போம் என்றும், அவர்கள்மேல் கொள்ளும் நியாயமற்ற அச்சத்தைக் கண்டிக்கிறோம் என்றும் அதே பேராயர்கள் வாக்குக் கொடுத்தார்கள்.

வேதத்திலும் நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். ரோமர் முதல் அதிகாரத்தைக் கையில் எடுக்கிறவர்கள் அந்தப் பட்டியலை இறுதிவரை வாசிக்க வேண்டும். புறங்கூறுதலும் பொருளாசையும் அதில் உண்டு. (அந்த இரண்டுக்காகவும் சபையைவிட்டு எவரையாவது நீக்கத் தொடங்கினால் கமிட்டிக் கூட்டத்துக்கு ஆள் இராது.) இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனம் வந்தவுடன் அப்போஸ்தலன் கேட்டுக்கொண்டிருப்பவன் பக்கமே திரும்புகிறார். மத்தேயு பத்தொன்பதும் அப்படியே. திருமண ஆராதனையில் அதன் ஆறாம் வசனத்தோடு நின்றுவிடுகிறோம். பன்னிரண்டாம் வசனத்தில் ஆண்டவர், விவாகத்துக்குள் வராதவர்களைப் பற்றிப் பேசுகிறார். தாயின் வயிற்றிலிருந்தே அப்படிப் பிறந்தவர்களும் உண்டு என்கிறார். விவாகத்தைப் படைப்பின் ஒழுங்கு என்று உயர்த்திய அதே வாய், அது எல்லாருக்குமானது அன்று என்றும் சொல்லிற்று. அந்த இரண்டாவது வார்த்தையைத்தான் நம்முடைய வீடுகள் ஏற்க மறுக்கின்றன.

மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் தங்கள் வீடுகளைவிட்டுச் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, காவல்துறை விசாரிக்க, பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்தப் பொருளைத் தாம் முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு மனநல ஆலோசகரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். வயதுவந்தவர்கள் தங்கள் விருப்பப்படி சென்றிருந்தால் காவல்துறை தொல்லைசெய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். சிகிச்சை என்ற பெயரில் அவர்களை மாற்ற முயல்வது தடைசெய்யப்பட வேண்டும். 2025 மே மாதத்திலும், வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவரைத் தம் விருப்பப்படி செல்ல அதே நீதிமன்றம் விடுவித்தது. திருமணம் ஒன்றே குடும்பத்தை உண்டாக்கும் வழி அன்று என்றும் அப்போது நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். பூட்டிய கதவைத் திறந்துவிட்டதைக் குறித்துத் திருச்சபை முறுமுறுக்க வேண்டியதில்லை.

நம்மிடையே சிகிச்சைக்கு வேறு பெயர்கள் உண்டு. விடுதலை ஜெபம், நாற்பது நாள் உபவாசம், மலைமேல் இருக்கும் ஊழியக்காரரிடம் கொண்டுபோய் விடுதல். பிள்ளையின் தலையைப் பிடித்து உலுக்கி ஆவியைத் துரத்துகிறவர்கள் உண்டு. இவை எல்லாம் பயன்படாதபோது கடைசி மருந்தாக வருவது திருமணம். “ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான், ஐயா” என்று பெற்றோர் சொல்கிறார்கள். பெண் பார்க்கப்படுகிறது. பெண் வீட்டாரிடம் ஒன்றும் சொல்லப்படுவதில்லை. மூன்று ஞாயிறுகளில் திருமண அறிவிப்பு வாசிக்கிறோம். இந்த விவாகத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் தெரியப்படுத்தலாம் என்று நான் கேட்கும்போது, தெரிந்தவர்கள் முன்வரிசையில் பட்டுடுத்தி அமர்ந்திருக்கிறார்கள்.

டெல்லியில் மனுப் போட்டவர்கள் தங்களைக் குறித்த உண்மையை வெளியரங்கமாகச் சொல்லிச் சட்டத்திடம் ஒரு பெயர் கேட்டார்கள். அந்தக் கோரிக்கையை நான் ஏற்காதிருக்கலாம். அதில் ஒளிவுமறைவு இல்லை. நம்முடைய பலிபீடத்தின் முன்போ, பொய் என்று அறிந்தே ஒருவனை உடன்படிக்கை சொல்ல வைத்து, ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் கையை அவன் கையில் பிடித்துக் கொடுக்கிறோம். பரிசுத்த விவாகத்துக்கு இந்த இரண்டில் எது அதிகச் சேதம் செய்கிறது என்று எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பெண் யாருடைய மகள்? அவளும் நம் ஞாயிறு பள்ளியில் படித்தவள். பல ஆண்டுகள் கழித்து, தன்னிடத்தில் என்ன குறை என்று தெரியாமல் அழுகிறவள் அவள்தான். ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தால் நடந்த திருமணத்தைச் செல்லாததாக்க நீதிமன்றத்தில் வழி உண்டு. ஆனால் அந்த வழியில் அவள் தனியாக நடக்க வேண்டியிருக்கிறது.

பெற்றோரின் வேதனையை நான் எளிதாக எண்ணவில்லை. பேரப்பிள்ளை ஆசை, உறவினரின் கேள்விகள், அடுத்த பிள்ளையின் திருமணம் என்று அவர்களுக்குப் பாரங்கள் உண்டு. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. உங்கள் பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள், அடிக்காதீர்கள், அடைத்துவைக்காதீர்கள், இராப்போஜனப் பந்திக்கு வரவிடாமல் தடுக்காதீர்கள். போதனையைக் குறித்து அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டால், அதை நாங்கள் இருவரும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொள்ளலாம். பேசுவதற்குப் பிள்ளை உயிரோடும் அருகிலும் இருக்க வேண்டும்.

என் கையில் இருப்பது ஒன்று உண்டு. வரும் மாதம் முதல், திருமண அறிவிப்பு வாசிக்கும் முன், மணமகனையும் மணமகளையும் தனித்தனியே சந்திப்பேன். பெண்ணோடு பேசும்போது என் மனைவியும் உடனிருப்பார். பெற்றோர் தயவுசெய்து வெளியே காத்திருங்கள். “இந்த விவாகத்தை நீங்களே விரும்புகிறீர்களா?” என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், அறிவிப்பு வாசிக்கப்படாது, காரணம் யாருக்கும் சொல்லப்படாது, தாய் தகப்பனுக்கும்கூட. ஆகவே மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, அழைப்பிதழும் அச்சடித்த பின்பு வராதீர்கள். நாள் குறிக்கும் முன்பே வாருங்கள். புதன், வெள்ளி மாலைகளில் போதகர் இல்லத்தில் இருப்பேன்.