கல்யாண முருங்கைத் துறைமுகம்

நம் ஊர் வேலியோரங்களில் சிவக்கப் பூக்கும் கல்யாண முருங்கை, சீனக் கடற்கரையில் ஒரு நகரத்துக்கே பெயரானது. பத்தாம் நூற்றாண்டில் சுவான்சோ நகர மதிலைச் சுற்றி அந்த மரத்தை நட்டார்கள். சீனத்தில் அதற்குப் பெயர் சித்தோங். அரபு வணிகர்களின் நாவில் அது ஜைத்தூன் ஆயிற்று. மார்கோ போலோவும் இபின் பதூதாவும் வியந்து எழுதிய ஜைத்தூன் இந்த ஊர்தான்.

ஃபுஜியான் மாநிலத்தில், ஜின் ஆறு தைவான் நீரிணையில் கலக்கும் இடம் அது. எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வயல் என்பார்கள் அந்த மாநிலத்தார். வயல் சோறு போடாத ஊர் கடலை நம்பியது. 1087-ல் சோங் அரசு அங்கே கடல் வணிக அலுவலகத்தைத் திறந்தது. பீங்கானும் பட்டும் இரும்பும் ஏறிப் போயின; மிளகும் நறுமணக் கட்டைகளும் வந்து இறங்கின. 1974-ல் அங்கே சேற்றிலிருந்து தோண்டி எடுத்த சோங் காலக் கப்பலுக்குள் அந்த மிளகும் கட்டைகளும் அப்படியே கிடந்தன.

அந்த மக்களின் கைத்திறனுக்கு லோயாங் பாலம் ஒன்றே போதும். ஆற்று வெள்ளமும் கடல் ஓதமும் மோதிக்கொள்ளும் முகத்துவாரத்தில் 1053 முதல் 1059 வரை அதைக் கட்டினார்கள். அடியில் கொட்டிய கற்கள் நகராமல் இருக்க, அவற்றின்மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி ஓடுகள் கற்களை ஒன்றோடொன்று பிணைத்தன. உயிருள்ள சுண்ணாம்பு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

வந்தவர்கள் தங்கள் தெய்வங்களையும் கொண்டுவந்தார்கள். பள்ளிவாசல் 1009-லேயே எழுந்தது. பக்கத்து மலையடிவாரத்தில் மானி சமயத்தாரின் கோயில் இன்றும் நிற்கிறது. 1281-ல், குப்ளாய் கான் ஆண்ட காலத்தில், சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் கானின் உடல்நலம் வேண்டி, அவர் தந்த அனுமதியோடு அங்கே சிவனை எழுந்தருளப் பண்ணினார். அதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு 1956-ல் கிடைத்தது.

மங்கோலியர் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1357 முதல் பத்தாண்டு, நகரம் கலகத்தில் எரிந்தது. பிறகு வந்த மிங் அரசு 1371-ல் தனியார் கடல் வணிகத்தைத் தடை செய்தது. ஆற்று வாய் மண் மேடிட்டதால் துறைமுகம் செத்தது என்பார்கள். மண் மெல்ல மெல்லச் சேர்வது, தூர்வாரினால் போகும். கடலுக்குப் போவதையே குற்றமாக்கிய ஆணையைத் தூர்வார முடியாது. முதல் பழியை நான் அந்த ஆணையின் மேல்தான் போடுவேன்.

கடலில் பழகியவர்கள் சும்மா இருக்கவில்லை. கள்ளத்தனமாகவும் பின்னர் அனுமதியோடும் மணிலாவுக்கும் தைவானுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் காதில் விழும் ஹொக்கியன் இந்த வட்டாரத்துப் பேச்சு. 1978-க்குப் பிறகு சீனாவின் கதவு மீண்டும் திறந்தபோது அந்த உறவினர்களின் பணமும் ஆர்டர்களும் ஊர் திரும்பின. அருகிலுள்ள ஜின்ஜியாங்கின் சிறு பட்டறைகள் காலணித் தொழிற்சாலைகளாக வளர்ந்தன. ஆன்டா என்ற காலணி நிறுவனம் அங்கே 1991-ல் பிறந்தது. இதே வட்டாரத்துத் தெஹுவாவின் வெண்பீங்கானும் ஆன்ஷியின் தேயிலையும் இன்றும் கப்பலேறுகின்றன.

சிவன் கோயிலின் கற்கள் சிதறிப்போயின. உரலோடு தவழும் கண்ணனும் நரசிங்கமும் செதுக்கிய இரண்டு தூண்கள் கையுவான் புத்தர் கோயிலின் பின்புறத்தைத் தாங்குகின்றன. லிங்கத்தை வழிபடும் யானையின் சிற்பமும் கிடைத்திருக்கிறது. பார்த்தவுடன் திருவானைக்கா நினைவு வரும். மதில்களிலும் வயல்களிலும் கிடந்த இத்தகைய கற்களைத் தேடிச் சேர்த்தவர் வூ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். 1957-ல் அவற்றைப் பற்றி நூல் வெளியிட்டார். 2021-ல் யுனெஸ்கோ இந்நகரின் 22 இடங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, அவருடைய உழைப்பை நாமும் நன்றியோடு நினைத்திருக்க வேண்டும்.

நகரை அடுத்த சித்தியான் கிராமத்தில், காலடியில் அசுரன் கிடக்க, நான்கு கைகளோடு அமர்ந்திருக்கும் ஒரு தேவியின் கற்சிலை இருக்கிறது. அவளைக் குவான்யின் என்று கும்பிட்டு ஊரார் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள்.