பயணத்திற்கும் ஒரு முதிர்வு நாள்

சித்தூரிலும் திருப்பதியிலும் பணியாற்றிய ஆண்டுகளில், வைப்புத் தொகை முதிர்ந்த நாளன்று வரும் மூத்த வாடிக்கையாளர்களிடம் நாங்கள் வழக்கமாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "பணத்தை எடுத்துக்கொள்கிறீர்களா, புதுப்பித்து விடலாமா?" பெரும்பாலோர் புதுப்பிக்கவே சொல்வார்கள். கடல் கடந்து வாழும் மகனையோ மகளையோ பார்த்து வருவதற்கென்று சேர்த்த பணமாயினும் விடை அதுவே. "அடுத்த ஆண்டு போய்க்கொள்ளலாம்" என்ற சொல்லும் உடன் வரும்.

எங்கள் இல்லத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. தங்கை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் குடியேறிய பின், பெற்றோரை அங்கே அழைத்துச் செல்ல ஒரு வைப்பைத் தொடங்கினோம். தந்தையாருக்குப் பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. ஆனால் முதலில் வீட்டின் மேல்தளம், பிறகு ஒரு திருமணம், பிறகு மாங்காய் விலை வீழ்ந்த ஆண்டு என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. மூன்று முறை அந்த வைப்பைப் புதுப்பித்தோம். பத்தாண்டுச் செல்லுபடியுள்ள அந்தப் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை. அதற்குள் தந்தையார் காலமானார்.

அதன் பின்னரே தாயாரை அழைத்துக்கொண்டு குடும்பமாகப் புறப்பட்டோம். சித்தூரிலிருந்து சென்னைக்குக் காரில் போன மூன்று மணி நேரமும் அவர் அதிகம் பேசவில்லை. விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணிக்கு எள்ளுருண்டை கொடுத்துத் தெலுங்கிலும் தமிழிலுமாக உரையாடத் தொடங்கிய பிறகே எங்களுக்கு நிம்மதி வந்தது.

பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். அலிகேனி, மோனோங்கஹீலா என்னும் இரண்டு ஆறுகள் அங்கே கூடி ஒஹாயோ ஆறாகின்றன. நகரின் கிழக்கே பென் ஹில்ஸ் பகுதியில், குன்றின் மேல் ஸ்ரீ வேங்கடேஸ்வரர் ஆலயம் இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் உதவியோடு 1970களில் எழுந்த கோயில் அது. வட அமெரிக்காவில் நம் மரபுப்படி கட்டப்பட்ட பழைய கோயில்களுள் ஒன்று. வெண்ணிறக் கோபுரத்தைக் கண்டதும் தாயார் காரிலேயே கைகூப்பினார். திருமலையில் நொடிப்பொழுது தரிசனம் பெற்றே பழகியவர் அவர். இங்கே சன்னிதிக்கு நேரே அரை மணி நேரம் நின்றார். "ஜரகண்டி" என்று சொல்ல ஒருவரும் இல்லை. கீழே வந்து புளியோதரை உண்ணும்போது, "உங்கள் அப்பாவுக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டேன்" என்றார்.

மற்றொரு நாள், 1877இல் தொடங்கப்பட்ட டுகேன் மலைச்சரிவு ரயிலில் ஏறினோம். பழனி விஞ்ச் போன்றதுதான் அதுவும். உச்சியிலிருந்து ஆறுகள் கூடும் இடமும் பாலங்களும் ஒருங்கே தெரிந்தன. அலிபிரியிலிருந்து 3,550 படிகளைப் பலமுறை ஏறிய தாயார், "திருமலைக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால், முழங்கால் வலியென்று உங்கள் அப்பா கடைசிக் காலத்தில் வீட்டிலேயே இருந்திருக்க மாட்டார்" என்றார். இன்று வீட்டில் அடிக்கடி பேசப்படுவது நயாகரா அருவியன்று. இந்த இரண்டு சொற்களே.

வயதானவர்களுக்கு வெளிநாடு வீண்செலவு என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. அதை நாங்கள் ஏற்கவில்லை. வைப்புத் தொகையைப் புதுப்பிக்கலாம். பெற்றோரின் முழங்காலை அவ்வாறு புதுப்பிக்க இயலாது. ஆகவே பயணத்திற்கும் ஒரு முதிர்வு நாளைக் குறித்துவிட வேண்டும். அந்த நாள் வந்ததும் பணத்தை எடுத்துப் புறப்பட வேண்டும்.

அதற்காகக் கடன் வாங்குவதையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. கடன் தருவதும் எங்கள் தொழிலே. ஆயினும் திரும்பி வந்த பின் மூன்று ஆண்டுகள் தவணை கட்டும் குடும்பத்தில் பயணத்தின் இனிமை நிலைப்பதில்லை. மாதம் 8,000 ரூபாய் வீதம் 60 மாதங்கள் தொடர் வைப்பில் செலுத்தினால் அசல் மட்டும் 4,80,000 ரூபாய் ஆகும், வட்டி தனி. அவ்வளவு இயலாதவர்கள் அருகிலுள்ள நாட்டையோ காசியையோ தேர்ந்தெடுக்கலாம். தூரத்தைக் குறைத்தாலும் நாளைத் தள்ளிப்போட வேண்டாம்.

சில குறிப்புகள். திருப்பதியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் முதலில் அதை முடித்துவிடுங்கள். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பவோ அங்கே செலவிடவோ ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டு செல்லலாம். மீதியைப் பயண அட்டையில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. திரும்பிய பின் கையில் 2,000 டாலருக்கு மேல் மீதமிருந்தால், மிகுதியை 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். சுற்றுலாத் தொகுப்பு வாங்கும்போது பிடிக்கப்படும் வரியை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். மூத்தவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். இருக்கும் நோய்களை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

தாயாரின் பாஸ்போர்ட்டில் இப்போது இரண்டு நாடுகளின் முத்திரைகள் இருக்கின்றன. தந்தையாரின் பாஸ்போர்ட்டும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. அடுத்த முறை முதிர்வு நாளன்று வாடிக்கையாளர்கள் வங்கிக்கு வரும்போது, "புதுப்பித்து விடுங்கள்" என்று சொல்லுமுன் ஒரு கணம் யோசிக்க வேண்டுகிறோம்.