புண்ணை நாடும் இலையான் எது?



சென்ற கிழமை எமக்குக் கிடைத்த கடிதமொன்றுடன் மூன்று நிழற்படங்கள் இணைக்கப்பட்டிருந்தன. எழுதியவர் எமது நீண்டநாள் வாசகியான ஒரு தாய். ஐக்கிய அரபு இராச்சியத்தின் மலையடிவாரத்து ஆட்டுப்பட்டி ஒன்றில் வேலை செய்யும் அவரது தம்பி, தமது கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பிய படங்கள் அவை. முதலாவதில் ஒரு கிடாயின் காதுப் புண். இரண்டாவதில் அப்புண்ணின் ஓரத்தில் பச்சையாய் மின்னும் ஓர் இலையான். மூன்றாவதில் தட்டொன்றிலே சில வெண்புழுக்கள். "உயிரோடிருக்கும் சதையைத் தின்னும் இலையான் இது என்று பட்டியில் உள்ளவர்கள் சொல்கிறார்களாம். தம்பிக்கும் காலில் ஒரு வெட்டுக்காயம் ஆறாமல் இருக்கிறது. படத்தைப் பார்த்து இன்னதென்று சொல்வீர்களா?" என்று சகோதரி கேட்டிருந்தார்.

எமது பதிலை முதலிலேயே கூறிவிடுகின்றோம். இப்படங்களை மட்டும் வைத்து அதன் பெயரை உறுதியாகச் சொல்ல இயலாது. அதற்காகத் தம்பி காத்திருக்கவும் கூடாது. கடவுச்சீட்டுப் படத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பதில் உள்ள சங்கடத்தை எம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை. இலையான்களின் விடயத்தில் அச்சங்கடம் இன்னும் பெரிது.

பட்டியில் உள்ளவர்கள் அஞ்சுவது வீணான அச்சமல்ல. பழைய உலகத் திருகுப்புழு இலையான் என்று ஓர் இனம் உண்டு. அறிவியலார் இதனைக் கிறைசோமியா பெசியானா என்பர். ஆபிரிக்காவிலும், எமது இலங்கை, இந்தியா உட்பட்ட ஆசிய நாடுகளிலும், வளைகுடா நாடுகளிலும் இது காணப்படுகின்றது. 1996 இல் ஈராக்கின் கால்நடைகளிடையே இது பெருமளவிற் பரவியது. பெண் இலையான் புண்ணின் விளிம்பில் ஒரே தடவையில் நூற்றைம்பது, இருநூறு முட்டைகள் வரை இடும். ஒரு நாளுக்குள் அவை பொரிக்கும். புழுக்கள் தலையை உள்ளே புதைத்து, உயிர்ச்சதையைத் தின்றவாறே ஆழமாக இறங்கும். உடலைச் சுற்றித் திருகாணியின் புரிபோல முள்வரிசைகள் இருப்பதனாலேயே இப்பெயர் வந்தது. ஐந்து முதல் ஏழு நாட்களில் வளர்ந்து, புண்ணிலிருந்து நிலத்தில் விழுந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும்.

ஆனால் இதே பச்சை, நீல மினுக்கத்தோடு திரியும் உறவினர்கள் இதற்குப் பலர். மீன் சந்தையிலும் மலசலகூடத்திலும் மொய்க்கும் மெகாசெபலா ஒன்று. செத்த விலங்கை நாடும் அல்பிசெப்ஸ் மற்றொன்று. இவை பெரும்பாலும் அழுகிய பொருளையே நாடுவன. அழுகிய புண்ணிலும் வந்து அமரும். பட்டிப் பக்கம் பறப்பவற்றில் இவையே மிகுதி. ஆகவே புண்ணருகே பச்சை இலையான் இருந்தது என்பது மட்டும் சான்றாகாது. முட்டையிட்டது ஒன்றாகவும் படத்தில் அகப்பட்டது வேறொன்றாகவும் இருக்கலாம்.

வேறுபாடு எங்கே உள்ளது? இறக்கை உடலோடு சேருமிடத்தில் ஒரு சிறு செதில் உண்டு. பெசியானாவில் அது மெழுகுபோல் வெண்மையானது, மெகாசெபலாவில் கருங்கபிலம். தோளருகே ஒரு மூச்சுத்துளை உண்டு. அல்பிசெப்சில் அது வெளிறியிருக்கும், பெசியானாவில் கறுத்திருக்கும். மேலிருந்து எடுக்கும் படத்தில், மடித்த இறக்கை செதிலை மறைத்துவிடும். மூச்சுத்துளையோ பக்கவாட்டில் உள்ளது. நிறத்தையும் நம்ப முடியாது. மினுங்கும் உடல் வெயிலில் பச்சையாகவும் நிழலில் நீலமாகவும் தோன்றும்.

நான்காவது ஒருவரும் உளர். வோல்பார்ட்டியா மக்னிபிகா என்னும் இவ்விலையான் சாம்பல் நிறமானது. வயிற்றிலே கரும்புள்ளிகள் உண்டு. முட்டையிடாமல் உயிருள்ள குஞ்சுப்புழுக்களையே புண்ணில் விட்டுச் செல்லும். இதனுடைய புழுவும் உயிர்ச்சதையைத் தின்பதே. பறக்கும்போது இதனைப் பச்சை இலையானிலிருந்து எவரும் பிரித்தறிவர். தட்டிற் கிடக்கும் புழுவைப் பார்த்துப் பிரிப்பதுதான் கடினம். வோல்பார்ட்டியாப் புழுவின் பின்புற மூச்சுத்துளைகள் ஓர் ஆழ்ந்த குழிக்குள் ஒளிந்திருக்கும். அல்பிசெப்சின் வளர்ந்த புழுவுக்கோ உடலெங்கும் சதை முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். சகோதரி அனுப்பிய படத்திலுள்ள புழுக்களில் அத்தகைய முனைகள் தெரியவில்லை. அதனால் ஒன்றை மட்டும் விலக்கலாம். மற்றவற்றைப் பிரிக்க உருப்பெருக்கி வேண்டும்.

பெயர் எதுவானால் என்ன, புழு புழுதானே என்று சிலர் கேட்கக்கூடும். லிபியாவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1988 இல் அங்கே கால்நடைப் புண்களில் கண்ட புழுக்கள், அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய புதிய உலகத் திருகுப்புழு இனம் என்று கண்டறியப்பட்டது. 1858 இல் பிரெஞ்சு வைத்தியர் கொக்கரெல், பிரெஞ்சுக் கயானாவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதிகளைத் தாக்கிய புழுக்களைக் கொண்டு 'மனிதனை உண்பது' என்னும் பொருளில் பெயரிட்ட அதே இனம். இதன் பெண் வாழ்வில் பெரும்பாலும் ஒருமுறையே கூடும். எனவே கதிர்வீச்சினால் மலடாக்கிய ஆண்களைத் திரளாக விட்டால் முட்டைகள் பொரியாமற் போகும். மெக்சிக்கோவில் வளர்க்கப்பட்ட ஏறத்தாழ 130 கோடி மலட்டு இலையான்கள், 1990 டிசெம்பர் முதல் 1991 ஒக்டோபர் வரை விமானங்களிலிருந்து விடப்பட்டன. 1991 ஏப்ரலின் பின் அங்கு ஒரு நோய்ப்புண்ணும் காணப்படவில்லை. 1992 இல் ஒழிந்தது என அறிவித்தார்கள். அந்தப் புழு பழைய உலக இனமாக இருந்திருந்தால், அத்தனை கோடி இலையான்களும் பயனற்றுப் போயிருக்கும். இனம் வேறானால் அவை கூடா. முதலிற் பெயரைச் சரியாகச் சொன்னதனாலேயே ஒரு கண்டம் தப்பியது.

எனவே படம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. நல்ல படம் எதனைத் தேடவேண்டும் என்று வழி காட்டும். எடுப்பவர்கள் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும், புழுவானால் அதன் பின்புறத்தையும் எடுக்கட்டும். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வைக்கட்டும். இடமும் திகதியும் எந்த விலங்கின் எந்தப் புண் என்பதும் எழுதட்டும். புழுக்கள் சிலவற்றைக் கொதிநீரில் ஒருகணம் இட்டு, மருந்தகத்து மதுசாரம் நிறைந்த சிறு போத்தலிற் போட்டு, மிருக வைத்தியரிடம் ஒப்படைக்கட்டும். தீர்ப்பு அந்தப் போத்தலுக்குள்ளேதான் இருக்கும்.

இன்னொன்று. புண்ணிலிருந்து எடுத்த புழுவை ஒருபோதும் நிலத்தில் வீசக்கூடாது. வளர்ந்த புழு மண்ணுக்குட் புகுந்து, மீண்டும் இலையானாக எழும். ஊரிலே மாட்டுப் புண்ணிலிருந்து புழுவெடுத்துப் பட்டி ஓரத்தில் எறிந்தோர் எம்மில் பலர். அது நாமே எமது பட்டிக்கு விதைத்த விதை.

இனித் தம்பியின் காலைப் பற்றி. கிடாயின் புண்ணுக்கு மிருக வைத்தியர் நாளை வரலாம். தம்பியின் காயம் இன்றே கழுவப்பட்டுத் துணியால் மூடப்படவேண்டும். காயத்தில் நெளிவதுபோன்ற உணர்வோ, துர்நாற்றமோ, கூடிவரும் வலியோ இருந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது வைத்தியமாகாது. பகலில் வெளியிலே படுத்துறங்கும்போது காயம் திறந்திருக்கலாகாது. விடுப்புக் கேட்க அவர் தயங்குவார் என்று சகோதரி எழுதியிருக்கின்றார். தயங்குவது எமக்கும் விளங்குகின்றது. "என் கால் வலிக்கிறது" என்றால் காதிற் போட்டுக்கொள்ளாத எசமானர், "என் காயத்திலிருந்து விழும் புழு உங்கள் ஆடுகளுக்கு இலையானாகும்" என்றால் கேட்கக்கூடும். அது பொய்யுமல்ல.

வளைகுடாவில் ஆடு, ஒட்டகம் மேய்க்கும் உறவினர் உள்ள வாசகர்கள், இப்பக்கத்தைப் படமெடுத்தாவது அவர்களுக்கு அனுப்பிவைக்குமாறு வேண்டுகின்றோம். சகோதரியிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த கடிதத்தில் எமக்கு இலையானின் படம் வேண்டாம். தம்பியின் கால் ஆறிவிட்டது என்ற செய்தி வந்தாற் போதும்.