பாட்டுக்கு என்னத்துக்கு கிராபிக்ஸ் கார்ட்?

யாழ்ப்பாணத்தில பாட்டுச் செய்யிற பெடியள் கம்பியூட்டர் வேண்டப் போனால் முதல் கேள்வி, "என்ன கார்ட் போடுறது?" அங்கேயே பிழைக்கிறம் எண்டு நினைக்கிறன்.

ஒலிப்பதிவு, மிக்சிங் இரண்டையும் சுமக்கிறது புரொசசரும் ரேமும்தான். கார்ட்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அந்தக் காசுக்கு நல்ல மைக்கும் ஓடியோ இன்டர்பேசும் வேண்டலாம்.

வீடியோ வேற கதை. டாவின்சி ரிசோல்வில் கலர் கிரேடிங், எஃபெக்ட் எல்லாம் கார்ட்டில்தான் ஓடும். அதுக்கும் வேகத்தை மட்டும் பார்க்காமல் கார்ட்டின் மெமரியைப் பாருங்கோ. 2021இல் 329 டொலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி. 399 டொலர் 3060 டிஐயில் 8 ஜிபிதான். 4கே வேலையில் மெமரி நிரம்பினால், வேகமான கார்ட்டும் திணறும்.

இது வெறும் தொழில்நுட்பக் கதை இல்லை. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறினதைக் கண்டனாங்கள். அந்த மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டு. இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றிலும் அந்த டொலர் இருக்கு. பெரும்பாலும் வெளிநாட்டில உழைக்கிற அண்ணாவின்ர வியர்வையும் இருக்கு.

ஆகவே பாட்டு மட்டும் எண்டால் கார்ட்டை விட்டிட்டு யூபிஎஸ் ஒன்றை வேண்டுங்கோ. வீடியோ எடுக்கத் தொடங்கின பிறகு கார்ட்டைப் பாப்பம். முதல்ல பாட்டு வெளியில வரட்டும்.