சம்மதம் இருந்தால் குற்றம் கைமாறுமா?

நற்செய்திக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை ஒன்று உண்டு. கூண்டில் நிற்பவன் தம் மகன் என்று தெரிந்தும் நீதிபதி சட்டப்படி அபராதம் விதிக்கிறார். பிறகு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி வந்து, அந்த அபராதத்தைத் தாமே கட்டிவிடுகிறார். கல்வாரியில் நடந்ததும் இதுவே என்று பிரசங்கம் முடியும்போது கேட்பவர்களின் கண் கலங்கும். ஆனால் விதிக்கப்பட்டது அபராதமாக இல்லாமல் தூக்குத் தண்டனையாக இருந்திருந்தால்? நீதிபதி தம் கழுத்தைக் கயிற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கொலைகாரனை வீட்டுக்கு அனுப்பினால், செத்தவனைப் பெற்றவள் அதை நீதி என்று ஏற்பாளா? பணம் இருப்பதால்தான் அந்தக் கதை நிற்கிறது. கடனை யார் அடைத்தாலும் கடன் தீரும். கொலைப்பழி அப்படித் தீராது; செய்தவனோடுதான் இருக்கும். நம் பாவங்களுக்குரிய தண்டனையைக் கடவுள் குற்றமற்ற இயேசுவின்மேல் இறக்கினார், அவர் மனமுவந்து ஏற்றதால் நீதி நிறைவேறியது, நாம் விடுதலையானோம் என்ற நம்பிக்கை இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. நான் மறுப்பது சிலுவையை அல்ல, அதன்மேல் ஏற்றப்பட்ட இந்தக் கணக்கை.

இந்தக் கணக்கு கிறிஸ்தவத்தின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இயேசு நமக்காக மரித்தார் என்ற அறிக்கை பழையதுதான். பவுலின் கடிதங்களிலேயே இருக்கிறது. அந்த மரணம் எப்படி நம்மை மீட்டது என்பதற்கோ நிசேயா விசுவாச அறிக்கைகூட எந்த விளக்கத்தையும் விதிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி அதைச் சாத்தானிடம் கொடுத்த மீட்புப்பொருள் என்றார். கேன்டர்பரிப் பேராயர் அன்செல்ம் 1098இல் முடித்த நூலில், மனிதன் கடவுளின் மாண்புக்குச் செலுத்தத் தவறியதற்கான ஈடு என்றார். அவர் கணக்கில் ஈடு செலுத்தினால் தண்டனை இல்லை, இரண்டில் ஒன்றுதான். அந்த ஈட்டையே தண்டனையாக்கித் தெளிவான கோட்பாடாக வடித்தவர்கள் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள், குறிப்பாகச் சட்டம் படித்த கால்வின். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பாவுஸ்துஸ் சொசினஸ் என்ற இறையியலாளர் இதன் அடிமடியிலேயே கைவைத்தார். முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டவர் கடனை மன்னித்தேன் என்று சொல்ல முடியாது. மன்னித்தவர் தொகையை வாங்கியிருக்க முடியாது. 1594இல் அச்சான அவர் நூலுக்குப் பல மறுப்புகள் வந்தன. இந்த வாதத்துக்கு நிறைவான பதில் எனக்குத் தெரிந்து இன்றுவரை வரவில்லை.

அநியாயம் என்ற குற்றச்சாட்டுக்கு முதலில் வரும் பதில், இயேசுவை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது. தம் உயிரைத் தாமாகவே கொடுப்பதாக அவர் சொல்வதை யோவான் நற்செய்தியிலிருந்து காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சம்மதம், பாடுபட்டவருக்குத் தீங்கு இழைக்கப்பட்டதா என்ற கேள்விக்கு மட்டுமே விடையாகும். குற்றம் இடம் மாறியதா என்ற கேள்வியை அது தொடக்கூட இல்லை. 1941இல் அவுஷ்விட்ஸ் முகாமில் ஒரு கைதி தப்பியதற்காகப் பத்துப் பேரைப் பட்டினிபோட்டுக் கொல்லத் தேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான கயோவ்னிச்செக் மனைவி மக்களை நினைத்துக் கதறியபோது, மாக்சிமிலியன் கோல்பே என்ற போலந்துத் துறவி அவருக்குப் பதிலாகத் தாம் சாக முன்வந்தார். கயோவ்னிச்செக் பிழைத்து 1995 வரை வாழ்ந்தார். மனித வரலாற்றில் இதைவிடப் பெரிய தியாகம் அரிது. ஆனால் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்ட முகாம் அதிகாரியை யாரும் நீதிமான் என்று சொல்வதில்லை. கொடுத்தவரின் மனம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், அந்தச் சாவைக் கேட்ட கை கொலைக் கைதான். நாம் விவாதிக்கும் கோட்பாடு கோல்பேயின் இடத்தில் இயேசுவை வைக்கிறது. அதிகாரியின் இடத்தில் யாரை வைக்கிறது என்பதை நினைக்கவே மனம் நடுங்குகிறது. யாத்திராகமத்தின் 32ஆம் அதிகாரத்தில் இதே சோதனை நடக்கிறது. பொன் கன்றுக்குட்டியை வணங்கிய மக்களை மன்னிக்காவிட்டால் கடவுளின் புத்தகத்திலிருந்து தன் பெயரைக் கிறுக்கிவிடும்படி மோசே கேட்கிறார். முழு மனதோடு வந்த அந்தப் பேரத்தைக் கடவுள் மறுக்கிறார். பாவம் செய்தவன் பெயரையே கிறுக்குவதாகச் சொல்கிறார். பாவம் செய்கிற ஆத்துமாவே சாகும், தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரமும் முடிவாகச் சொல்கிறது.

அப்படியானால் பலிகள் எதற்கு, இரத்தம் சிந்தாமல் மன்னிப்பு உண்டா என்று கேட்பார்கள். உண்டு. ஆடு வாங்கவோ இரண்டு புறா வாங்கவோ வசதியில்லாத ஏழை, பாவநிவாரணபலியாக எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவந்தால் போதும் என்று லேவியராகமம் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. மாவு யாருடைய தண்டனையை ஏற்கும்? பாவநிவாரண நாளில் மக்களின் அக்கிரமங்கள் கைவைத்து ஏற்றப்படுவது போக்காட்டின்மேல். அந்த ஆடு கொல்லப்படுவதில்லை, வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. கொல்லப்படுவது வேறொரு ஆடு. ஏசாயா 53தான் மிகக் கடினமான இடம், அதை நான் மழுப்ப விரும்பவில்லை. அங்கே துன்புறும் ஊழியன்மேல் எல்லாருடைய அக்கிரமமும் விழுகிறது. அதில் கடவுளின் சித்தமும் பேசப்படுகிறது. ஆனால் பிறருடைய அக்கிரமத்தால் ஒருவன் நொறுக்கப்படுவது வேறு, அவர்களுடைய குற்றத்துக்கு அவன் குற்றவாளியாவது வேறு. அவன் கடவுளால் அடிபட்டவன் என்று தாங்கள் எண்ணியிருந்ததை அந்த அதிகாரத்தில் பேசுகிறவர்களே தங்கள் பழைய எண்ணமாகத்தான் சொல்கிறார்கள்.

தேர்ந்த இறையியலாளர் வேறொரு பதில் வைத்திருக்கிறார்: இயேசு மூன்றாம் ஆள் அல்ல, கடவுளே மனிதராகி வந்தவர், ஆகவே கடவுள் பிறரைத் தண்டிக்கவில்லை, தாமே சுமந்தார். இந்தப் பதிலை மதிக்கிறேன். ஆனால் இதை முழுதாக ஏற்றால் கோட்பாடுதான் கரைகிறது. தீங்கிழைக்கப்பட்டவர் பழிவாங்காமல் இழப்பைத் தம்மோடு வைத்துக்கொள்வதற்குப் பெயர் மன்னிப்பு. தண்டனை என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமையில், மகன் திரும்பி வரும்போது தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். இளையவன் பங்குச் சொத்து போனது போனதுதான், அந்த வலி அவருடையது. அதற்காக வீட்டிலிருந்த மூத்தவனை அவர் அடிக்கவில்லை, தம்மையும் அடித்துக்கொள்ளவில்லை. சிலுவையை அந்தத் தகப்பனின் வலியாகப் பார்த்தால் எனக்கு மறுப்பே கிடையாது. மனிதர் செய்யக்கூடிய கடைசிக் கொடுமைக்கும் பகையால் பதில் சொல்லாத ஒரு அன்பு அங்கே தெரிகிறது.

தண்டனை இல்லையென்றால் பாவம் சாதாரணமாகிவிடாதா என்ற அச்சம் மிச்சம் இருக்கிறது. பாவத்தைச் சாதாரணமாக்குவது பதிலாள் கணக்குதான். அதில் பாவியும் கடவுளும் கணக்கு முடித்துக்கொள்கிறார்கள். பறிகொடுத்தவன் வெளியே நிற்கிறான். திருடினவன் பொருளை ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து உடையவனுக்குத் திருப்பிக் கொடுத்த பிறகே பலியைக் கொண்டுவர வேண்டும் என்பது லேவியராகமத்தின் ஒழுங்கு. எரிகோவில் ஆயக்காரர் தலைவன் சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் எழுந்து நின்று சொல்கிறான். அன்றைக்கே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார். அப்போது அவர் இன்னும் எருசலேமுக்குப் போய்ச் சேரவில்லை.