பிடங்கில் குறைத்த எடைக்கு மான் விலை கொடுக்கிறது

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

நோர்வேயில் இருக்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் போன கிழமை ஒரு படம் போட்டிருந்தார். வேட்டைத் துவக்கின் பழைய ஒட்டுப்பலகைக் கட்டையைக் கழற்றிவிட்டு காபன் நார்க் கட்டை பூட்டியிருக்கிறார். 'முக்கால் கிலோ குறைந்துவிட்டது, இனி நாள் முழுக்க நடக்கலாம், எல்லோரும் மாறுங்கள்' என்று எழுதியிருந்தார். கீழே வாழ்த்துகள் குவிந்திருந்தன. நான் வாழ்த்தவில்லை. ஏன் என்று கேட்டார். அதற்கான பதில்தான் இது.

'துவக்கைப் பற்றி வாத்தியாருக்கு என்ன தெரியும்?' என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் வேட்டைக்காரன் இல்லை. எங்கள் ஊரில் துவக்கு என்ற சொல்லை விரும்பிக் கேட்டவர்களும் குறைவு. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர வகுப்பில் உந்தக் காப்பு படிப்பித்தவன். அந்தப் பாடத்துக்கு எல்லாப் புத்தகத்திலும் உதாரணம் துவக்கின் பின்னுதைப்புத்தான்! அதோடு, இரண்டு வருடத்துக்கு முந்திய இலையுதிர் காலத்தில் எல்வெரும் பக்கத்தில் என் மருமகன் வீட்டில் மூன்று மாதம் நின்றேன். அங்கே கண்ட ஒரு விசயம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கு.

பிடங்கு என்றால் தோளில் வைக்கும் பகுதியைத்தான் நாங்கள் சொல்வது. இங்கே நான் குழலைத் தாங்குகிற முன்பகுதியையும் சேர்த்து முழுக் கட்டையையும் சொல்கிறேன்.

நோர்வேயில் எல்க் எனப்படும் பெருமானைச் சுட விரும்பிய ரவையைப் பாவிக்க முடியாது. 10 கிராமும் அதற்கு மேலும் உள்ள சன்னம் 100 மீற்றரில் குறைந்தது 2200 யூல் சக்தியோடு இருக்க வேண்டும் என்பது விதி. மிருகம் விரைவாகச் சாக வேண்டும் என்பதற்காக வைத்த விதி. ஆகவே ரவையின் பலத்தைக் குறைத்துப் பின்னுதைப்பைக் குறைக்கும் வழிக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாங்குவது துவக்கின் திணிவு.

.308 ரவையை எடுத்துக்கொள்வோம். சன்னம் ஏறக்குறைய 11.7 கிராம், வேகம் செக்கனுக்கு 800 மீற்றர். அதன் பின்னால் பாயும் வெடிமருந்து வாயுவையும் சேர்த்தால் மொத்த உந்தம் ஏறக்குறைய 13 அலகு. அதே 13 அலகு துவக்குக்கும் பின்பக்கமாகக் கிடைக்கிறது. துவக்கு 4 கிலோ என்றால் தோளில் வந்து இடிக்கும் சக்தி 21 யூல். 3.3 கிலோ என்றால் கிட்டத்தட்ட 26 யூல். ரவை அதே ரவை. இடி மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. இடிக்குப் பயந்த விரல் விசையை அமுக்காது, வெடுக்கென்று இழுக்கும். சன்னம் குழலை விட்டுப் போவதற்கு முன்பே கண் மூடிவிடும். இது கோழைத்தனம் இல்லை, உடம்பின் இயல்பு.

'அதற்குத்தான் சைலன்சர் இருக்கிறதே' என்று தம்பி எழுதினார். உண்மை. நோர்வேயில் அது சட்டப்படி வேட்டைக்குப் பாவிக்கும் சாமான். இடியையும் சத்தத்தையும் குறைக்கும். ஆனால் அது எங்கே பூட்டப்படுகிறது? குழலின் நுனியில். என் பிரதான குற்றச்சாட்டு இங்கேதான் தொடங்குகிறது.

எவ்வளவு எடை என்பது பாதிக் கேள்வி. எங்கே எடை என்பது மீதிப் பாதி. கட்டையின் எடையில் பெரும்பங்கு துவக்கின் சமநிலைப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து 700 கிராமை எடுத்துவிட்டு, நுனியில் 400 கிராம் சைலன்சரைப் பூட்டுகிறீர்கள். பின்னால் கழித்தாலும் முன்னால் கூட்டினாலும் விளைவு ஒரே திசையில்தான். நான் போட்ட கணக்கின்படி, பழைய கட்டையில் சைலன்சர் மட்டும் பூட்டினால் சமநிலைப் புள்ளி 5 சென்ரிமீற்றர் அளவில் முன்னே போகும். கட்டையையும் மாற்றினால் 10 சென்ரிமீற்றர் அளவில் போகும். தராசில் துவக்கு இலேசாகிவிட்டது. இடது கைக்கோ பாரமாகிவிட்டது. நின்று கொண்டு குறிபார்த்துப் பத்துச் செக்கன் பிடித்துப் பாருங்கள், நுனி தாழ்ந்து கொண்டே போகும்.

எடை குறைந்தால் நடுக்கம் குறையும் என்று நினைப்பதும் பிழை. மூச்சு வாங்கும்போதும் இதயம் அடிக்கும்போதும் கை சிறு சிறு உதைகளைக் கொடுக்கிறது. இலேசான பொருள் அந்த உதைக்கு உடனே அசையும், பாரமான பொருள் சோம்பலாக அசையும். இதைத்தான் சடத்துவம் என்று படித்தோம். 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியைப் பாருங்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கிண்ணத்தில் தங்கம் வென்ற போட்டி அது. அதில் பின்னுதைப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் துவக்கின் எடைக்கு விதி வைத்திருப்பது உச்ச வரம்பு: 5.5 கிலோ. வீரர்கள் குழலிலும் பிடங்கிலும் சிறு எடைத்துண்டுகளைப் பூட்டிச் சமநிலையைத் தேடுகிறார்கள். எடை வெறும் சுமை என்றால் காசு கொடுத்து அதை ஏன் பூட்ட வேண்டும்?

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். மரக்கட்டை ஈரத்தில் ஊதும், குறி மாறும். நல்ல காபன் கட்டைக்கு அந்த வருத்தம் இல்லை. கலைமான் தேடி ஹர்டங்கர்விடா மேட்டுநிலத்தில் நாள் முழுக்க நடந்து, கடைசியில் படுத்துக்கொண்டு பையின் மேல் வைத்துச் சுடுபவருக்கு இலேசான துவக்கு வரம்தான். களைத்த கையும் குறி தவறும் என்பதை நான் மறுக்கவில்லை.

'ஜெஃப் கூப்பரே 3 கிலோ போதும் என்றாரே' என்றும் எழுதினார்கள். அந்த அமெரிக்கர் தன்னுடைய ஸ்கவுட் துவக்குக்கு 3 கிலோ இலக்கு, 3.5 கிலோ உச்சம் என்று சொன்னது சரி. அதே மூச்சில் மொத்த நீளம் 1 மீற்றருக்குள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். குழல், கட்டை, தொலைநோக்கி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சாமானாகத் திட்டமிட்டார். பாரமான குழலை அப்படியே வைத்துக்கொண்டு கட்டையை மட்டும் மாற்றுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கடைகள் கட்டையை மட்டும் விற்பதற்குக் காரணம், அதுதான் கழற்றிப் பூட்ட இலகு. கிராம் கணக்கைப் பெட்டியில் அச்சடிக்கலாம். உறுதியை எந்தப் பெட்டியில் அச்சடிப்பது?

இப்போது மருமகனின் கதை. அவனும் அந்தக் கோடையில் இதே இரண்டு மாற்றத்தையும் செய்தான். பெரிய மிருகம் சுடுபவர்களுக்கு நோர்வேயில் வருடாந்தச் சோதனை உண்டு. 100 மீற்றரில் கலைமான் உருவத்தின் மேல் உள்ள 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் 5 வெடியும் விழ வேண்டும். படுத்துக்கொண்டு சுட்டான், ஐந்தும் உள்ளே. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம்.

ஒக்ரோபரில் காட்டுக்குப் போனான். சரிவில் ஏறி, காவல் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த கையோடு எல்க் வந்துவிட்டது. 70 மீற்றர் தூரம். படுக்க இடமில்லை, நேரமுமில்லை. நின்றபடி சுட்டான். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் பட்டது. மிருகம் ஓடிவிட்டது. பயிற்றிய தேடுநாயோடு ஆள் வந்து, இருட்டும்வரை தேடி, அடுத்த நாள் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். உயிரோடு கிடந்ததாம். அதைச் சொல்லும்போது அவனுக்குக் குரல் வரவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஒரு வெடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று நானே அவனுக்குச் சொன்னேன். பதற்றமாகவும் இருந்திருக்கலாம். ஆகவே பயிற்சித் திடலுக்குப் போய்ச் சோதித்தோம். மேட்டில் ஓடி ஏறி, மூச்சு வாங்க வாங்க, நின்றபடி, முதலில் புதிய கட்டையோடு, பிறகு பழைய கட்டையோடு. பழைய கட்டையின் துளைகள் ஒரு சோற்றுக் கோப்பைக்குள் அடங்கின. புதியதன் துளைகள் கடதாசி முழுக்கச் சிதறியிருந்தன, அநேகம் குறிக்குக் கீழே. அன்று பின்னேரமே காபன் கட்டை பெட்டிக்குள் போய்விட்டது.

கட்டை மாற்ற நினைக்கும் தம்பிமாருக்கு மூன்று சோதனை சொல்கிறேன்.

ஒன்று: வெறுந்துவக்கில், தொலைநோக்கி, சைலன்சர் எல்லாம் பூட்டியபடி, ஒரு விரலில் வைத்துச் சமநிலைப் புள்ளியைப் பாருங்கள். ரவைக்கூட்டுக்குச் சற்று முன்னால், இரண்டு கைக்கும் நடுவில் இருந்தால் நல்லது. இடது கையையும் தாண்டி முன்னே போனால் பிடங்குக்குள் எடை வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு: குழலுக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு கடதாசியைச் செருகுங்கள். இருகால் தாங்கியில் துவக்கை வைத்து நன்றாகச் சாய்ந்து அழுத்துங்கள். குழல் தொடாமல் நிற்கும்படி செய்த துவக்கில் கடதாசி இறுகினால், கட்டை வளைந்து குழலைத் தொடுகிறது. அந்தக் கட்டை இலேசானது மட்டுமல்ல, பலவீனமானதும் கூட.

மூன்று: படுத்துச் சுட்டுத் திருப்திப்படாதீர்கள். ஓடிவிட்டு நின்று சுடுங்கள். காட்டில் மான் உங்கள் மூச்சு அடங்கும்வரை காத்து நிற்காது.

இந்த மூன்றிலும் தேறினால் உங்கள் காபன் கட்டையை நானே வாழ்த்துகிறேன். தேறாவிட்டால் அந்த முக்கால் கிலோவைச் சுமந்து கொண்டு போங்கள். நாள் முடிவில் தோள் நோகும், சுடுதண்ணீர் ஒத்தடத்தில் மாறிவிடும். ஓர் இரவு முழுக்க வயிற்றில் சன்னத்தோடு கிடந்த மிருகத்தின் நோவுக்கு ஒத்தடம் கிடையாது. ஓர் உயிரை எடுக்கத்தான் போகிறோம் என்றால் ஒரே வெடியில் எடுக்கும் பொறுப்பு எங்களுடையது.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். கணக்கோடு எழுதினால் இன்னும் சந்தோசம்.

— இளைப்பாறிய பௌதிகவியல் ஆசிரியர், வடமராட்சி